விதி தடுக்காத இருமல்

இறந்தவர் குரலைப் பதித்துவைத்த கல்லறைக் கற்கள் பேசத் தொடங்கியதும் கோயிலின் பங்குப் பேரவை விதி வகுத்தது. மந்திரித்த மண்ணில் செபத்துக்கு ஒவ்வாத சொல் எதையும் எந்தக் கல்லும் பேசக் கூடாது.

செலஸ்டினாவின் இறந்துபோன வீட்டுக்காரர் கஸ்பார் விசைப்படகு ஓட்டியவர். அவர் குரலென்று அவளிடம் மிஞ்சியது கைப்பேசியில் இருந்த சில பதிவுகள்தான். கல்லில் வைக்க எது தேறும் என்று பேரவைச் செயலாளர் ரொசாரியோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் காதைத் துடைத்துக்கொண்டார்.

"என்னக்கா இது, எல்லாத்தையும் 'ஏட்டி மூதி'ன்னே ஆரம்பிக்காரு? ஒண்ணும் தேறலியே. எங்கப்பாவுக்கு வச்ச மாதிரி பாடகர் குரல்ல பைபிள் சங்கீதம் வச்சிருவோமா?"

"ஒங்கப்பா சங்கீதம் சொல்லி ஊரு இப்பத்தான கேக்கு. கோயில் பக்கமே வராத மனுசன்! அந்த 'மூதி'ய மட்டுமாச்சும் விடுங்கய்யா. வேற யாரு என்னைய அப்படிக் கூப்பிடப் போறா?"

ரொசாரியோ மசியவில்லை. கடைசியில் ஒரு பதிவின் முடிவில் வந்த இருமல் மட்டும் தப்பியது. இருமலைப் பற்றி விதியில் எதுவும் இல்லை.

கல்லறைத் திருநாளன்று சாமியார் தீர்த்தம் தெளித்தபடி வந்தார். தீர்த்தம் பட்ட கல்லெல்லாம் அதே பாடகரின் குரலில் 'ஆண்டவரே என் ஆயர்' என்றது. கஸ்பாரின் கல் இருமியது. நாலைந்து பேர் சிரித்தார்கள். ரொசாரியோ முறைத்தார்.

செலஸ்டினா குனிந்து, கல்லின் பின்பக்கத்தை மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

"ஈரச் சட்டையோட படுக்காதீங்கன்னா கேக்கணும்லா?" என்றாள்.