பாம்பு இருக்கிற மூலை

"பிளக்கைக் களவெடுத்தது அவள்தான். வேற ஆரு?"

ஹோரேஸ் ஓரிடத்தில் நிற்கவில்லை. வீட்டுக்கும் வளவுக்கும் நடையாய் நடந்தார். புல்லு வெட்டுற மெசின் பிளக் இல்லாமல், சத்தமில்லாமல் கிடந்தது.

மெசின்காரன் சதீசன் தலையைச் சொறிந்தான். "கண்டனான் எண்டு சொல்லேலா ஐயா."

"நான் சொல்லுறன். புஸ்பம்தான்."

புஸ்பம், வேலிக்கு அங்கால தறப்பாள் கொட்டிலில் இருப்பவள். கடல் வீடுவாசலை அள்ளிக்கொண்டு போனதிலிருந்து அந்தச் சனமெல்லாம் நாவற்குடாவில், ஹோரேஸின் வளவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மனுசனுக்கு அது பிடிக்கவில்லை. றேடியோ சத்தம், நாய்த் தொல்லை, கக்கூசு நாத்தம் என்று அரசாங்கக் கச்சேரிக்கு அவர் எழுதிப் போடாத பெட்டிசம் இல்லை. றேடியோவும் குறையவில்லை, நாயும் போகவில்லை. அந்தச் சனத்தின் கக்கூசை மட்டும் கச்சேரி ஆக்கள் வந்து பூட்டிவிட்டுப் போனார்கள்.

இப்போது புல்லுப் பிரச்சினை. வயலெல்லாம் உப்பேறி இந்த முறை வைக்கோல் இல்லை. மாரி இறங்க முதல் வளவுப் புல்லை வெட்டிக் காயவைத்தால்தான் அவருடைய பசுக்கள் தப்பும். எல்லாம் வெட்டியாயிற்று. வேலியோர மூலையில் ஆளுயரப் புல்லு மட்டும் மிச்சம்.

அதில் மெசினை வைக்கப்போன அன்றைக்குத்தான் புஸ்பம் ஓடி வந்தாள்.

"ஐயா, அதுக்குள்ள பாம்பு இரிக்கி. வெட்டாதீங்க."

"பாம்பு இரிந்தா வெட்டத்தானே வேணும் அக்கா?" சதீசன் சிரித்துவிட்டான்.

அடுத்த நாள், காடை முட்டை இட்டிருக்கிறது என்றாள். இன்றைக்குப் பிளக்கையே காணவில்லை.

ஹோரேஸ் வேலியடிக்குப் போய்க் கத்தினார். "என்ன புள்ள, உன்ட ஆட்டுக்கெண்டு என்ட புல்லை ஒதுக்கி வெச்சிரிக்கியா?"

புஸ்பம் தலையைக் குனிந்தபடி நின்றாள்.

"பாத்தியா, வாய் திறக்கிறாளா? புல்லு அறுக்க வரட்டும். கையும் களவுமாப் பிடிக்கிறன்."

பொழுதுபட்டதும் அந்த மூலைக்கு எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வேலி இடைவெளியால் புஸ்பம்தான் முதலில் வந்தாள். கையில் கத்தி இல்லை, சாக்கு இல்லை. ஒரு தண்ணி வாளி. பின்னால் இரண்டு குமர்ப்பிள்ளைகள். அதுக்குப் பின்னால் ஒரு நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சி. எல்லார் கையிலும் தண்ணி.

கதிரையில் ஆளைக் கண்டதும் அப்படியே நின்றார்கள். பிறகு ஒவ்வொருத்தராய்த் திரும்பிப் போனார்கள். பிள்ளைத்தாய்ச்சி மட்டும் வேலியைப் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனாள்.

ஹோரேஸுக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. கதிரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

விடிந்ததும் சதீசன் புதுப் பிளக்கோடு வந்தான். "ஐயா, இண்டைக்கு அந்த மூலைய முடிச்சிருவம்."

"வேணாம். மெசினைக் கொண்டு போ."

"அப்ப பசுவுக்கு?"

"வேற எங்கயாவது தேடுவம். நான் இப்ப கச்சேரிக்குப் போறன். அந்தக் கக்கூசைத் திறக்கச் சொல்லி ஒரு பெட்டிசம் குடுக்கோணும்."

சதீசன் ஒன்றும் விளங்காமல் அவரையும் மூலையையும் மாறி மாறிப் பார்த்தான்.

படலை வரைக்கும் போன ஹோரேஸ் திரும்பி வந்தார்.

"தம்பி, கொட்டில்ல இரிக்கிற ஆம்பிளையளுக்கும் சொல்லிப்போடு. அந்த மூலையில பாம்பு இரிக்கி. ஒருத்தரும் அந்தப் பக்கம் போகப்படா. நானும் போகமாட்டன்."