மாமன் மடி

உங்களுக்காக ஒரு குழந்தையின் காது எப்போதாவது காத்திருந்ததுண்டா? மாயழகுக்காகக் காத்திருந்தது. அவன் ஜப்பானில் ஓட்டல் சமையல்காரன். விடிந்தால் ஊரில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். அவன் வாங்கிய தோடு சட்டைப்பையில் இருந்தது. அவன் ஏறி வந்த விமானம் எதிர்காற்றில் திணற, இருக்கைக்கு எதிரே திரையில் போய்ச் சேரும் நேரமோ தள்ளிக்கொண்டே போனது.

“ஏண்ணே, மேகத்துக்கு மேலயுமா காத்து அடிக்கும்?” என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டான்.

“மேலதான் தம்பி பேய்க்காத்து. நீ வேலைக்குப் போகையில இதே காத்துதான் முதுகுல கைவச்சுத் தள்ளி சீக்கிரமா கொண்டுபோய் விட்டுச்சு. அப்ப இனிச்சுச்சுல்ல?”

மாயழகு காலை ஊன்றி, முன் இருக்கையை இரண்டு கைகளாலும் தள்ளினான்.

“நின்னுபோன டவுன் பஸ்ஸா இது, எறங்கித் தள்ளுறதுக்கு?” என்று அவர் சிரித்தார்.

எதிர்காற்றில் எரிபொருள் கூடுதலாகச் செலவாகிவிட்டதால், வழியில் இறங்கி நிரப்பப் போவதாக அறிவித்தார்கள். அவன் கைகளை எடுக்கவே இல்லை.

மறுநாள் காலை, முகூர்த்த நேரத்தில், அவன் வீட்டில் விட்டுப்போன பழைய சட்டையை மணையில் விரித்து அதன்மேல் குழந்தையை உட்காரவைத்தார்கள். காது குத்தி, தோட்டுக்குப் பதிலாக வேப்பங்குச்சியைச் செருகினார்கள்.