நகக்கத்தரியில் நீலப்பொடி

படீரென்று ஒரு சத்தம். கடைசிப் புகைப்படத்துக்காக ஆய்வு மாணவி இறக்கிய கண்ணாடிப் பெட்டி கைநழுவி ஆய்வுக்கூடத் தரையில் சிதறிக் கிடக்கிறது. மலையுச்சிக் காற்றில் தலைமுறை தலைமுறையாகச் சிறகு குட்டையாகிப் பறக்கவே மறந்துவிட்டவை என்று பேராசிரியர் உலகத்துக்கே சொல்லப்போகும் நீல வண்ணத்துப்பூச்சிகள் இருபத்தெட்டும் ஊசியோடு கவிழ்ந்திருக்கின்றன. கட்டுரையில் அவள் பெயரும் இருக்கிறது. நாளைக் காலை அது அச்சுக்குப் போகிறது. மண்டியிட்டு ஒன்றை இடுக்கியால் தூக்கி லென்ஸுக்குக் கீழே பிடிக்கிறாள். தானாகக் குட்டையான சிறகென்றால் ஓரத்தில் பூனைமயிர் போல மெல்லிய குஞ்சம் இருக்கவேண்டும். இதில் இல்லை. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்கோடு. அடுத்ததிலும் அதே கோடு. ஜன்னல் வெயிலில், மேஜைமேல் கிடக்கும் நகக்கத்தரியின் வாயில் நீலப்பொடி மினுமினுக்கிறது. அதன் பக்கத்திலேயே பேராசிரியர் பிஸ்கட்டை டீயில் தோய்த்து, சொட்டுவதற்குள் வாயில் தள்ளுகிறார். அவள் விரல் நுனியில் ஒட்டிய நீலத்தை அங்கியில் தேய்க்கிறாள்; போகவில்லை.

"சார், இதெல்லாம் கத்தரிச்சது."

"லென்ஸ் வச்சுப் பார்த்தாத்தானே தெரியும்? யாரும்மா பார்க்கப்போறாங்க?"

"காய்ஞ்ச சிறகு கத்தரி பட்டாலே நொறுங்கிடுமே சார். இது எப்படி இவ்வளவு சுத்தமா..."

அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

"அது தெரியாமயா முப்பது வருஷம் இங்க குப்பை கொட்டினேன்? உயிரோட இருக்கறப்பவே வெட்டிட்டேம்மா. வெட்டிட்டு ஒவ்வொண்ணா மேல தூக்கிப் போட்டும் பார்த்தேன். பறக்கலைன்னு நாம எழுதினது நூத்துக்கு நூறு நிஜம்."