மூன்று வெற்றுத் தாள்கள்

'வெற்றுத் தாளில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்' என்று வக்கீல் தாணுமாலயன் உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் செண்பகவல்லி அவரைத் தேடி வந்தாள். அண்ணனை நம்பி அப்படியொரு கையெழுத்தைப் போட்டு, அப்பாவின் வீட்டில் தன் பங்கைத் தொலைத்தவள் அவள். கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்ட வக்கீல், வழக்கம்போல மூன்று வெற்றுத் தாள்களை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அடியில கையெழுத்துப் போடுங்கம்மா. மனுவ அப்புறமா டைப் பண்ணிக்கிடுவோம்."

அவள் பேனாவை வாங்கினாள். ஒவ்வொரு தாளிலும் மேலிருந்து கீழ்வரை பெரிய எழுத்தில் நிதானமாக எழுதினாள்: 'நான் கையெழுத்துப் போட்டபோது இந்தத் தாளில் வேறொன்றும் இல்லை.' அடியில் கையெழுத்திட்டாள்.

"போட்டுட்டேன் சார்."

கேஸ் கட்டில் சேர்க்கவும் முடியாமல், கிழிக்கவும் மனம் வராமல், வக்கீல் அந்தத் தாள்களை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.