எந்தப் பக்கம்?

"சித்தி, உன் பின்னறைய அம்மாவுக்குக் குடு." தன் தங்கையிடம் மட்டும் எதையும் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லித்தான் என்னை வளர்த்தாள். கேட்டுவிட்டேன். ஒலீத்தா சித்தி பீச் பழம் நறுக்குவதை நிறுத்தவில்லை. மாலை வெயில் ஃப்ரிட்ஜ் கதவில் விழுகிறது. அதில் காந்தத்தின் கீழே அவளுடைய மெடிகெய்ட் காப்பீட்டு அட்டை பளபளக்கிறது. நான்கு வருடம் படித்து வாங்கிய பட்டத்தைக்கூட நான் இப்படி வெறித்துப் பார்த்ததில்லை. எங்கள் ஊர் டெக்சார்கானாவில் நடுச்சாலைதான் மாநில எல்லை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், வியாதியைக் கேட்பதற்கு முன்னால் "எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்கிறார்கள். சித்தி இருப்பது ஆர்கன்சா பக்கம், ஏழைக்கு அரசுக் காப்பீடு உண்டு. எதிர்ப்பக்கம் டெக்சாஸ். பள்ளிக்கூடத்தில் சமைக்கும் என் அம்மாவுக்கு அங்கே ஒன்றும் கிடையாது. இன்சுலினைப் பாதியாகக் குறைத்துப் போட்டுக்கொள்கிறாள். இந்தப் பக்கம் குடிவந்தால் அவளுக்கும் இந்த அட்டை கிடைக்கும்.

"ஆர்கன்சாக்காரனக் கட்டிக்கிட்டேன்னு என் கல்யாணத்துக்கே வரல மகாராணி. இப்ப என் வீட்டுல வந்து படுப்பாங்களாக்கும்?"

"உனக்குச் சர்க்கரை நூத்திப்பத்து, அவளுக்கு நானூறு. ஒரே வயித்துல பொறந்தவங்கதானே? உன்னப் பாத்தா வயிறு எரியுது சித்தி."

கத்தி பழத்துக்குள் நிற்கிறது. சாறு அவள் மணிக்கட்டில் வழிகிறது, துடைக்கவில்லை.

"அந்த அறையில தையல் மிஷின் கெடக்கு," என்கிறாள் மெல்ல. "நகத்தணும். ஆனா அவ வரமாட்டாடி, ஜொனெல். நீ கேட்டுப் பாரு."

"கேக்கப் போறதில்ல. அவ கட்டிலக் கழட்டி வச்சிட்டுத்தான் இங்க வந்தேன்."

வலைக்கதவைத் தள்ளிக்கொண்டு சாலையில் இறங்குகிறேன்.