நீளக் கைப்பிடி

"கை, கால் எல்லாம் நல்லா ஆறிடுச்சு. நடு முதுகுல மட்டும் சொரியாசிஸ் அப்படியே இருக்கே! வைட்டமின் டி களிம்பை அங்க போடறதில்லையா?" என்று கேட்டார் டாக்டர்.

"கை எட்டமாட்டேங்குது சார். வீட்ல வேற ஆளும் இல்ல" என்றார் கடிகாரக் கடைக்காரர்.

வழக்கம்போல நர்சம்மாவே களிம்பைத் தடவிவிட்டார். தொற்றாத நோய்தான். ஆனாலும் கடைக்கு வருகிறவர்கள் கடிகாரத்தை மேசையில்தான் வைப்பார்கள். அவர் கையில் கொடுக்கமாட்டார்கள்.

"இதுக்காக வாராவாரம் வியாழக்கிழமை அலையாதீங்கண்ணே. இந்தாங்க, நீளக் கைப்பிடி வச்ச பஞ்சு. இனிமே நீங்களே தடவிக்கலாம்."

"நல்லா இரும்மா."

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்தார். போன வருடம் அவரே வாங்கிய அதே மாதிரிப் பஞ்சு, உறைகூடப் பிரிக்காமல் உள்ளே இருந்தது. பக்கத்தில் இதையும் வைத்து மூடினார்.

அடுத்த வியாழனுக்கு இன்னும் முழுசாக ஏழு நாள் இருந்தது.