ஐந்தாம் தேதிக் கேள்வி

"தவணை கட்டியாச்சி. சொல்லு, இந்தத் துட்டுக்கு இன்னா படிச்ச?"

ஐந்தாம் தேதி சாயங்காலம் ஆனால் திலீப் இந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்குள் நுழைவான். செல்போனை நீட்டுவான். பேங்கிலிருந்து மெசேஜ் வந்திருக்கும். மனைவி நர்மதாவின் படிப்புக் கடனில் மூவாயிரம் கழிந்திருக்கும்.

கல்யாணமான முதல் மாதமே இது ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு நர்மதாவின் முகம் சுண்டிப் போயிற்று.

கட்டுகிறவன் கேட்கத்தான் செய்வான் என்றது திருவொற்றியூர்க் குப்பம். காசிமேட்டில் மீன் விற்கும் மாமியார் மங்கை, விரலை மடக்கியே கணக்குப் போட்டுவிடுவாள்.

"பி.ஏ. ஹிஸ்டரியாம்! மூணு வருசம் காலேஜு, ரெண்டு லட்சம் லோனு. இப்ப கூரியர் ஆபீஸ்ல பில்லு போட்டு பதினோராயிரம் வாங்கிகினு வருது. பக்கத்து வூட்டு ரேகா பத்தாவது ஃபெயிலு. எண்ணூர்ல எறால் கம்பெனிக்குப் போயி பதிமூணு வாங்குது. ஒரு பைசா கடன் கெடையாது."

நர்மதா குழம்பைக் கிளறிக்கொண்டிருப்பாள். கணக்கில் தப்பில்லையே.

ஆனால் அவளுக்குள் வேறு ஒன்று கிடந்து அடித்துக்கொண்டது. கல்லூரியில் மத்தியான வகுப்பு. ஜானட் மிஸ் ஏதோ ஒரு தேசத்து ராஜாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போவார். மணி அடித்தாலும் ஒருத்திகூட எழுந்திருக்க மாட்டாள்.

இப்போது கூரியர் ஆபீஸில் பார்சலை எடை போடும்போது, மேலே எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்து ஒரு நொடி நின்றுவிடுவாள். அந்த ஊரைப் பற்றி யாரிடமாவது ஒரு வார்த்தை பேச மாட்டோமா என்று ஏக்கமாக இருக்கும். யாரிடம் பேசுவது? "சீக்கிரம்மா" என்று வரிசையில் குரல் வரும்.

வீட்டுக்கு வந்தால் இவன்.

"சொல்லும்மே. மூவாயிரம் இன்னா சும்மாவா?"

முதல் மாதம் அழுகையை அடக்கிக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னாள். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் எகிப்தில் ராஜாவுக்குக் கல்லறை வெட்டிய ஆட்கள், கூலி வரவில்லை என்று வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்ட கதை.

"அப்பவே ஸ்ட்ரைக்கா?" என்றான் திலீப். அவன் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். "கூலி குட்த்தாங்களா, இல்லியா?"

"குடுத்தாங்க."

"ம்" என்றபடி முகம் கழுவப் போய்விட்டான். கேலியா, நிஜமா? அவளுக்குப் பிடிபடவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி தயாரானாள். பரண்மேல் கிடந்த புத்தகங்கள் கீழே இறங்கின. அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் மாசம் பிறந்தால் மனசு லேசாகத் துள்ளும். அதை அவள் தனக்குள்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

ஐந்தாறு வருஷம் இப்படியே ஓடியது. பிரான்ஸ் தேசத்துப் பாரிஸ் கதையைச் சொன்ன அன்று, கூடை கழுவிக்கொண்டிருந்த மங்கையே நிமிர்ந்துவிட்டாள்.

"இன்னாது? மீன் விக்கிற பொம்பளைங்களா ராஜாவ இஸ்துகினு வந்தாங்க?"

"ஆமா அத்த. ரொட்டி கிடைக்கலன்னு மார்க்கெட்டுப் பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து, மழையில நனைஞ்சுக்கிட்டே அரண்மனைக்கு நடந்து போனாங்க. மீன்காரம்மாங்களும் இருந்தாங்க. ராஜாவ ஊருக்கே கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க."

"அப்பால அந்த ராஜாவ இன்னா பண்ணாங்க?"

நர்மதா வாயைத் திறப்பதற்குள் திலீப் கையை உயர்த்தினான்.

"போதும். மீதி அடுத்த தவணைக்கு."

அடுத்ததுதான் கடைசித் தவணை. இன்னும் ஒரு மாதம், அப்புறம் இந்த விசாரணை இல்லை என்று நினைத்துக்கொண்டாள் நர்மதா. நினைத்ததும் ஏனோ சந்தோஷம் வரவில்லை.

அந்த ஐந்தாம் தேதி, திலீப்போடு அவனுடைய யார்டு தோஸ்து பிலாலும் வந்தான். திலீப் முகம் கழுவப் பின்பக்கம் போனதும், பிலால் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணி, அந்த ராஜாவ இன்னா பண்ணாங்க? ஒரு மாசமா பேஜாரா கீது. இவன் வாயத் தொறக்க மாட்றான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இன்னா அண்ணி இப்டி கேக்குறீங்க? தவணை கட்ன மறுநாள் லஞ்சுக்கு, யார்டே இவன சுத்திதான் குந்திகினு இருக்கும். எகிப்து கதைய எத்தினி வாட்டி சொல்ல வெச்சிருக்கோம் தெரியுமா? குறுக்க ஒரு கேள்வி கேட்டா மட்டும், 'தெர்லடா, அடுத்த மாசம் கேட்டுகினு வரேன்'ம்பான்."

நர்மதா பின்பக்கக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

திலீப் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். செல்போனை நீட்டினான். கடன் முடிந்ததாக மெசேஜ்.

"அப்பாடா, தொலஞ்சிது!" என்றாள் மங்கை.

திலீப் ஒன்றும் கேட்கவில்லை. கடன் தீர்ந்தவன் முகமாகவும் அது இல்லை.

"இன்னிக்குக் கேக்கலியா?" என்றாள் நர்மதா மெதுவாக.

"எப்டிம்மே கேக்குறது? துட்டு கட்னேன், கேட்டேன். இனிமே இன்னா பாத்தியத?"

"என் கடன்தானே முடிஞ்சுது. அதுக்கு ஏன் இப்படி இருக்கீங்க?"

திலீப் பிலாலைப் பார்த்துக் கூச்சப்பட்டான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்:

"ஏழாவதோட நிறுத்திட்டாங்க என்னிய. மாசாமாசம் உன் கடன கட்னேன்னா நெனச்சிகினு கீற? அது என் ஃபீஸும்மே."